மகரந்தம் ஏன் பொய்க்கிறது: புரத மாற்றங்களைத் தேடத் தொடங்குவோருக்கான செய்முறை வழிகாட்டி

செடி பச்சைப்பசேலென்று நிற்கும், பூவும் பூக்கும், காய் மட்டும் பிடிக்காது. நெல்லாக இருந்தால் கதிர் தலை சாயாமல் விறைத்து நிற்கும், உருவிப் பார்த்தால் அத்தனையும் பதர். வெயில், மழை, பூச்சி, சத்துக்குறைவு என்று இதற்குக் காரணங்கள் பல. அவற்றையெல்லாம் கழித்த பிறகும் ஒரு வரிசைச் செடிகள் மட்டும் தலைமுறை தலைமுறையாக நல்ல மகரந்தம் தராமல் இருந்தால் கோளாறு மரபில் இருக்கிறது. அப்படிப்பட்ட செடிகளை அலசியதில் பல இடங்களில் ஒன்று தெரிய வந்தது: புரதம் உருவாகிவிடுகிறது, உருவான பிறகு அதன் மேல் நடக்க வேண்டிய வேலைதான் நடப்பதில்லை.

கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் தாவரவியலோ வேளாண்மையோ உயிர்த்தொழில்நுட்பமோ படித்துவிட்டு, இந்த ஆய்வில் முதல்முறையாக இறங்குகிறவர்களை மனதில் வைத்து இது எழுதப்பட்டது. கையில் கிடைக்கும் செடிகள் நெல்லும் கத்தரியும் என்று வைத்துக்கொள்வோம்.

ஒன்றை முதலிலேயே அழுத்திச் சொல்லிவிட வேண்டும். புதிதாக வருகிறவர்கள் ஜெல், ஆன்டிபாடி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் என்று கருவிகளின் பக்கம் ஓடுகிறார்கள். இந்த வேலை கெடுவது பெரும்பாலும் அங்கே இல்லை, பூ மொட்டைப் பறிக்கும் இடத்தில். எந்த நிலையில் இருக்கும் மகரந்தப்பை என்று தெரியாமல் எடுத்த மாதிரியை எந்தக் கருவியாலும் காப்பாற்ற முடியாது.

எந்த மாற்றம், எந்தக் கட்டத்தில்

மரபணு சொன்னபடி ரைபோசோம் கோத்துக் கொடுக்கும் புரதம் பல நேரம் அரைகுறைதான். அதன் மேல் பாஸ்பேட் ஏறலாம், இறங்கலாம். ஏற்றுவது கைனேஸ், இறக்குவது பாஸ்படேஸ். 76 அமினோ அமிலங்கள் கொண்ட யூபிக்விடின் என்ற சிறு புரதம் லைசினில் ஒட்டலாம். அது சங்கிலியாக நீண்டால் பெரும்பாலும் அந்தப் புரதம் 26எஸ் புரோட்டியசோம் என்ற புரதச் சிதைப்பு இயந்திரத்துக்குள் போய்ச் சிதைந்துவிடும். சர்க்கரைச் சங்கிலி சேரலாம், கொழுப்பு நங்கூரம் மாட்டப்படலாம், சிஸ்டீன்களுக்கு நடுவே கந்தகப் பாலம் கட்டப்படலாம் அல்லது உடையலாம். சில புரதங்களில் ஒரு துண்டு வெட்டப்பட்ட பிறகுதான் உயிரே வரும்.

இனி மகரந்தப்பைக்குள் வரிசையாகப் பார்ப்போம். இந்த விவரங்களில் பெரும்பகுதி அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியிலும் நெல்லிலும் கண்டறியப்பட்டவை.

மகரந்தப்பையின் உள்சுவரில் டபீட்டம் என்ற அடுக்கு இருக்கிறது. வளரும் மகரந்தத்துக்குச் சோறு போடுவதும் அதன் மேலுறைக்குச் சரக்கு அனுப்புவதும் அதுதான். இந்த அடுக்கு உருவாக வேண்டும் என்ற உத்தரவே பாஸ்பேட் வழியாகத்தான் போகிறது. அரபிடாப்சிஸில் டி.பி.டி.1 என்ற சிறு புரதம் போய் ஈ.எம்.எஸ்.1 என்ற ஏற்பி கைனேஸைத் தொட வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் டபீட்டம் உருவாகாது. மகரந்தத் தாய் செல்கள் மட்டும் அளவுக்கு மீறிப் பெருகி, கடைசியில் ஒன்றுகூட மகரந்தமாகாது. நெல்லில் இதே வேலையை எம்.எஸ்.பி.1 என்ற ஏற்பி கைனேஸ் செய்கிறது. நெல்லின் எம்.ஐ.எல்.1 என்பது குளூட்டாரெடாக்சின் வகைப் புரதம், மற்றப் புரதங்களின் கந்தக நிலையைத் திருத்துவது இந்த வகையின் தொழில். அது பழுதானால் செல்கள் குன்றல் பகுப்புக்குள் ஒழுங்காக நுழைவதில்லை.

குன்றல் பகுப்பு முடிந்ததும் நான்கு செல்கள் காலோஸ் என்ற சர்க்கரைப் பொருளாலான உறைக்குள் ஒட்டிக்கிடக்கும். டபீட்டம் சுரக்கும் நொதி காலோஸைக் கரைத்தால்தான் மைக்ரோஸ்போர்கள் (மகரந்தமாக வேண்டிய இளம் செல்கள்) தனித்தனியாகும். அதன் பிறகு டபீட்டம் தானாகச் சாக வேண்டும். நெல்லில் ஓ.எஸ்.சி.பி.1 என்ற சிஸ்டீன் புரோட்டியேஸும் (புரதத்தை வெட்டும் நொதி), ஏ.பி.25, ஏ.பி.37 என்ற இரண்டு அஸ்பார்ட்டிக் புரோட்டியேஸ்களும் அந்தச் சாவில் பங்கெடுக்கின்றன. இங்கே நேரம்தான் எல்லாம். டபீட்டம் முந்திச் செத்தாலும் பிந்திச் செத்தாலும் மகரந்தம் சூம்பிப் போகும்.

மைக்ரோஸ்போர் சமமில்லாமல் பிரிந்து பெரிய உடல செல்லையும் சிறிய உருவாக்க செல்லையும் தரும். உருவாக்க செல் இன்னொரு முறை பிரிந்தால்தான் இரண்டு ஆண் கேமீட்டுகள் (விந்து செல்கள்) கிடைக்கும். அந்தப் பிரிவைத் தடுத்து நிற்கும் கே.ஆர்.பி.6, கே.ஆர்.பி.7 என்ற தடைப் புரதங்களைச் சிதைவுக்கு அனுப்பும் யூபிக்விடின் குழுவில் எஃப்.பி.எல்.17 ஓர் உறுப்பு. அது இல்லையென்றால் தடை விலகாது. இரண்டு கேமீட்டுகளுக்குப் பதில் ஒரே ஒரு செல்லோடு மகரந்தம் முதிர்ந்துவிடும். வெளியில் இருந்து பார்க்க அது நல்ல மகரந்தம் போலவே இருக்கும். சாயம் போட்டால் சாயமும் ஏறும். ஏமாறுகிற இடம் இது.

பூ விரியும் நேரத்தில் ஜாஸ்மோனேட் என்ற வளரூக்கியின் முறை. சி.ஓ.ஐ.1 என்ற புரதம் ஜாஸ்மோனேட்டைப் பிடித்ததும் ஜாஸ் என்ற அடக்கிப் புரதங்களில் யூபிக்விடின் ஏறி அவை சிதைகின்றன. அது நடக்காவிட்டால் மகரந்தத்தாள் நீளாது, பை வெடிக்காது, மகரந்தமும் தேறாது. இதை வைத்து அழகான ஒரு சோதனை செய்யலாம். ஜாஸ்மோனேட்டைத் தயாரிக்க முடியாத ஓ.பி.ஆர்.3 மலட்டுச் செடியின் மொட்டில் ஜாஸ்மோனிக் அமிலம் இட்டால் வளம் திரும்பிவிடும். சி.ஓ.ஐ.1 மலட்டுச் செடியில் எவ்வளவு இட்டாலும் திரும்பாது. வளரூக்கி இல்லாத மலட்டுத்தன்மையையும், வளரூக்கி இருந்தும் புரதம் சிதையாத மலட்டுத்தன்மையையும் ஒரு துளி பிரித்துக் காட்டிவிடுகிறது.

மகரந்தக்குழாய் வளர்வதும் இப்படித்தான். ஜிபிஐ என்ற கொழுப்பு நங்கூரம் தயாரிக்கும் செத்1, செத்2 மரபணுக்கள் பழுதானால் அரபிடாப்சிஸ் மகரந்தம் முளைப்பதும் குழாய் நீள்வதும் வெகுவாகக் குறையும். அனக்சர் என்ற இரட்டை ஏற்பி கைனேஸ்கள் இரண்டும் இல்லையென்றால் குழாய் சூலைச் சேரும் முன்பே வெடித்துவிடும். நெல்லில் பி.டி.பி.1 என்ற யூபிக்விடின் லைகேஸ் (யூபிக்விடினை ஒட்டும் நொதி) குறைந்தால் குழாய் பாதியில் நின்று கதிரில் பதர் கூடும்.

படி 1: செடியும் பருவமும்

அரபிடாப்சிஸுக்கு 22 டிகிரி செல்சியஸை ஒட்டிய குளிர்ந்த அறை வேண்டும். குளிரூட்டிய வளர்ப்பறை இல்லாமல் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அதை வளர்க்க முயல்வது வீண். கை பழகக் கத்தரியே சிறந்தது. பூ பெரியது, மகரந்தப்பை ஐந்தும் தடிப்பானவை, ஆண்டு முழுக்கப் பூக்கும். பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பாலூர் 1 போன்ற ஒரே ரகத்தின் விதையை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தையில் வாங்கிய காயின் விதை வேண்டாம், அது கலப்பினமாக இருக்கலாம்.

நெல் எடுத்தால் பருவத்தைக் கணக்கில் வையுங்கள். பாகூர் பக்கமும் சிதம்பரம் பக்கமும் சம்பா பூக்கும் நாட்கள் வடகிழக்குப் பருவமழையோடு மோதும். மழைத்தண்ணீர் பட்ட நெல் மகரந்தம் வெடித்துவிடும், அந்தப் பதரை மரபுக் கோளாறு என்று எழுதி வைத்தவர்கள் உண்டு. நவரையில் மழைத் தொல்லை குறைவு. கோடையில் பூக்க விட்டால் வேறு சிக்கல்: பூ விரியும் ஒரு மணி நேரம் 35 டிகிரிக்கு மேல் போனாலே நெல்லில் மலட்டுத்தன்மை வரும். ஆகவே சந்தேகச் செடிக்குப் பக்கத்திலேயே, அதே நாளில் விதைத்த நல்ல ரகம் கட்டாயம் நிற்க வேண்டும். இரண்டிலும் பதர் என்றால் குற்றவாளி வானிலை.

தொட்டியில் வளர்ப்பதானால் பத்து நாள் இடைவெளியில் மூன்று நான்கு தடவையாக விதையுங்கள். எல்லாம் ஒரே வாரத்தில் பூத்து முடிந்துவிட்டால் விட்டதைப் பிடிக்க அடுத்த பருவம்வரை காத்திருக்க வேண்டும்.

படி 2: ஆண் பக்கம்தான் பழுதா?

நெல்லுக்கு அயோடின் சாயம். 2 கிராம் பொட்டாசியம் அயோடைடை முதலில் 10 மில்லி வடிநீரில் கரையுங்கள். அதில் 1 கிராம் அயோடினைப் போட்டு முழுவதும் கரைந்த பிறகு 100 மில்லியாக்குங்கள். வரிசை மாறி அயோடினை வெறும் தண்ணீரில் போட்டால் கரையவே கரையாது. பழுப்பு நிறப் புட்டியில் வையுங்கள்.

அன்று வெளிவந்த கதிரிலிருந்து, மறுநாள் விரிய இருக்கும் 15 முதல் 20 மணிப்பூக்களைக் காலையில் எடுத்து 70 சதவீத எத்தனாலில் போடுங்கள். ஆறு பூக்களின் மகரந்தப்பைகளையாவது ஒரே கண்ணாடித் தகட்டில் ஒரு துளி சாயத்தில் ஊசியால் நசுக்கி, தோல் துணுக்குகளை அகற்றி, மூடுதகடு போட்டு, மூன்று இடங்களில் எண்ணுங்கள். உருண்டையாகக் கருநீலமானது வளமானது. கோணல்மாணலாக நிறமின்றி இருப்பதும், உருண்டையாக நிறமின்றி இருப்பதும், அரைகுறையாக நிறமேறியதும் மூன்று தனித்தனி மலட்டு வகைகள். மூன்றையும் ஒன்றாகக் கூட்டி 'மலடு' என்று எழுதிவிடாதீர்கள். எந்தக் கட்டத்தில் வளர்ச்சி நின்றது என்ற துப்பு அந்தப் பிரிவில்தான் இருக்கிறது: கோணலானது சீக்கிரமே நின்றது, அரைகுறை நிறமானது கிட்டத்தட்ட கடைசிவரை வந்தது.

அயோடின் காட்டுவது மாவுச்சத்தை, உயிரை அல்ல. கத்தரிக்கு இந்தச் சாயத்தைப் பயன்படுத்த வேண்டாம். அதன் உறவான தக்காளியில் பூ விரியும் முன்பே மாவு சர்க்கரையாக மாறிவிடும், நல்ல மகரந்தமும் வெளுத்துத் தெரியும். கத்தரிக்கு அலெக்சாண்டர் சாயம் போடுங்கள். உயிர்ப்பொருள் உள்ளது சிவப்பாகவும் வெற்றுக்கூடு பச்சையாகவும் தெரியும்.

அடுத்தது முளைப்புச் சோதனை. ஒரு லிட்டருக்கு போரிக் அமிலம் 100 மில்லிகிராம், கால்சியம் நைட்ரேட் 300, மெக்னீசியம் சல்பேட் 200, பொட்டாசியம் நைட்ரேட் 100 மில்லிகிராம், சர்க்கரை 10 சதவீதம். இது புரூபேக்கரும் குவாக்கும் 1963-ல் வகுத்த ஊடகம். கத்தரி மகரந்தப்பையின் நுனியில் துளைதான் இருக்கும், நீளவாக்கில் வெடிக்காது. பூவைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டினால் தூள் துளியில் விழும். ஈரத்துணி விரித்த பெட்டிக்குள் 25 முதல் 28 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து எண்ணுங்கள். குழாயின் நீளம் மகரந்தத்தின் விட்டத்தைத் தாண்டினால் முளைத்ததாகக் கணக்கு. எல்லாம் வெடித்துக் கிடந்தால் சர்க்கரை குறைவு அல்லது போரான் விட்டுப்போயிருக்கிறது. கடலோரத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம், வடிநீர் தவிர வேறெதுவும் இதற்கு ஆகாது. நெல் மகரந்தம் உதிர்ந்த சில நிமிடங்களிலேயே உயிரை இழக்கும். ஆகவே நுண்ணோக்கியைச் செடிக்கு அருகே கொண்டுபோனால் ஒழிய அதை முளைக்க வைக்கப் பார்க்க வேண்டாம்.

கடைசியாகக் குறுக்குக் கலப்பு. மலட்டுச் செடிக்கு நல்ல மகரந்தம் இடுங்கள். விதை பிடித்தால் சூலகம் நன்றாக இருக்கிறது, பழுது ஆண் பக்கம் மட்டும். பிடிக்காவிட்டால் நீங்கள் தேடும் கேள்வியே வேறு.

படி 3: பழுது யாருடையது, தாய்ச்செடியுடையதா மகரந்தத்துடையதா?

இதைத் தாண்டிக் குதிக்கிறவர்கள் பின்னால் மாதக்கணக்கில் தடுமாறுவார்கள். டபீட்டம் தாய்ச்செடியின் திசு. அங்கே பழுதென்றால் மரபணுவின் ஒரு பிரதி நல்லது, மற்றது பழுது என்று உள்ள கலப்புச் செடியில் எல்லா மகரந்தமும் நன்றாக இருக்கும். அதன் விதையை விதைத்தால் நான்கில் ஒரு பங்கு செடி முழு மலடாக வரும். பழுது மகரந்தத்துக்குள்ளேயே வேலை செய்யும் மரபணுவில் என்றால், கலப்புச் செடியின் ஒவ்வொரு பூவிலும் பாதி நல்லது, பாதி கெட்டது. எஃப்.பி.எல்.17 இந்த இரண்டாம் வகை, ஈ.எம்.எஸ்.1 முதல் வகை.

இது ஏன் முக்கியம் என்றால், முதல் வகையில் நீங்கள் புரதம் எடுக்க வேண்டியது இளம் மகரந்தப்பையில், இரண்டாம் வகையில் பிரித்தெடுத்த மகரந்தத்தில். இரண்டாம் வகையில் இன்னொரு தொல்லை: பாதி நல்ல மகரந்தம் கலந்தே வருவதால் மாற்றம் முழுக்க மறைந்தது போல் ஒருபோதும் தெரியாது, குறைந்தது போல்தான் தெரியும்.

படி 4: நிலையைப் பிடிப்பது

நெல்லில் கண்ணாடி இலையின் (கதிருக்கு முன் வரும் கடைசி இலை) கழுத்தும் அதற்குக் கீழே உள்ள இலையின் கழுத்தும் ஒரே மட்டத்துக்கு வரும் நாட்களை ஒட்டித்தான் குன்றல் பகுப்பும் இளம் மைக்ரோஸ்போர் நிலையும் நடக்கும். கதிர் இன்னும் பொதிக்குள் இருக்கும் காலம் அது. இது ரகத்துக்கு ரகம் மாறும், அதனால் புத்தகத்தில் உள்ள எண்ணை அப்படியே எடுக்காமல் உங்கள் ரகத்துக்கு ஓர் அட்டவணை போடுங்கள். ஒரே கதிரிலும் உச்சியில் உள்ள பூ முந்தியும் அடியில் உள்ளது பிந்தியும் இருக்கும். கதிர் முழுவதையும் சேர்த்து அரைத்தால் ஐந்தாறு நிலைகளின் கலவைதான் கிடைக்கும்.

அட்டவணைக்கு: பூவின் நீளத்தை அரை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, எத்தனால் மூன்று பங்கும் அசெட்டிக் அமிலம் ஒரு பங்கும் கலந்த கார்னாய் திரவத்தில் 24 மணி நேரம் போட்டு, பிறகு 70 சதவீத எத்தனாலுக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். (எத்தனாலைக் கல்லூரி வழியாக வாங்குவதே நல்லது, தனியாளுக்குக் கிடைப்பது சிரமம்.) 45 சதவீத அசெட்டிக் அமிலத்தில் 1 சதவீத கார்மைன் கலந்து காய்ச்சி வடித்த சாயத்தில் ஒரு மகரந்தப்பையை நசுக்கிப் பாருங்கள். நால்வராக ஒட்டியிருந்தால் டெட்ராட். தனித்து, மெல்லிய சுவரோடு, நடுவே உட்கரு இருந்தால் இளம் மைக்ரோஸ்போர். பெரிய குமிழ் உட்கருவை ஓரம் தள்ளியிருந்தால் அடுத்த நிலை. முதிர்ந்த கத்தரி மகரந்தத்தில் இரண்டு செல்லும் முதிர்ந்த நெல் மகரந்தத்தில் மூன்று செல்லும் இருக்கும். கத்தரியில் இரண்டாவது பிரிவு குழாய்க்குள் நடக்கிறது. நெல்லுக்கான எதிர்பார்ப்பைக் கத்தரியில் வைத்துப் பார்த்து, பிரிவு நின்றுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். உட்கருக்கள் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் டாப்பி சாயமும் ஒளிர்வு நுண்ணோக்கியும் தேவைப்படும்.

படி 5: உறைய வைப்பது

பாஸ்பேட் நிமிடக் கணக்கில் இறங்கிவிடும் சமாச்சாரம். மொட்டைப் பறித்து, பனிக்கட்டியில் வைத்து, ஆய்வகம் வந்து, நிலை பார்த்து, பிறகு உறைய வைத்தால் நீங்கள் அளப்பது செடியில் இருந்ததை அல்ல, பறித்த காயத்துக்குச் செடி காட்டிய எதிர்வினையை.

செய்ய வேண்டியது இப்படி. நெல் பூவில் ஆறு மகரந்தப்பைகள், ஒரே பூவுக்குள் அவை ஏறக்குறைய ஒரே நிலையில் இருக்கும். ஐந்தை இடுக்கியால் எடுத்து, எண் போட்ட குப்பியில் இட்டு அந்த நொடியே திரவ நைட்ரஜனில் போடுங்கள். ஆறாவதை அதே எண்ணோடு கார்னாய் திரவத்தில் போடுங்கள். நிலையைப் பார்ப்பது பிறகு, நிதானமாக. ஆறாவது எந்த நிலை என்று தெரிந்ததும் உறைந்திருக்கும் ஐந்தையும் அந்தந்த நிலைக் குவியலில் சேருங்கள், குப்பி உருகாமல் நைட்ரஜனுக்கு மேலேயே. கத்தரியில் நான்கு உறைபனிக்கு, ஒன்று நுண்ணோக்கிக்கு. குப்பியின் மேல் சாதாரண மார்க்கரில் எழுதினால் அழிந்துவிடும். பென்சிலால் எழுதிய துண்டை உள்ளேயே போடுங்கள்.

எல்லா நாளும் ஒரே மணிக்குப் பறியுங்கள். பகலிரவு மாற்றத்தோடு பாஸ்பேட் அளவும் மாறும். மூன்று மறுமாதிரி என்றால் மூன்று வெவ்வேறு செடிகள். ஒரே செடியை மூன்றாகப் பங்கிட்டால் அது மறுமாதிரி ஆகாது. மைனஸ் 80 பெட்டி மின்வெட்டில் எவ்வளவு நேரம் தாங்கும், ஜெனரேட்டர் இணைப்பு உண்டா என்று முதலிலேயே விசாரித்துவையுங்கள். புயல் அடிக்கும் மாதங்களில் இந்தக் கடற்கரையில் மின்சாரம் நாள்கணக்கில் போவது புதிதல்ல.

படி 6: புரதம் எடுப்பது

தொடங்குகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை டிரைகுளோரோ அசெட்டிக் அமில முறை. அது நொதிகளை அந்த இடத்திலேயே செயலிழக்கச் செய்துவிடும். சுமார் 100 மில்லிகிராம் மகரந்தப்பையைத் திரவ நைட்ரஜனில் மாவாக அரையுங்கள். குளிர்ந்த அசிட்டோனில் 10 சதவீத டிரைகுளோரோ அசெட்டிக் அமிலமும் 0.07 சதவீத மெர்காப்டோ எத்தனாலும் கலந்து 1 மில்லி ஊற்றி, மைனஸ் 20-ல் இரவு முழுக்க வைத்து, 4 டிகிரியில் 15,000 ஜி வேகத்தில் 15 நிமிடம் சுழற்றுங்கள். வண்டலைக் குளிர்ந்த அசிட்டோனால் மூன்று முறை கழுவுங்கள். காற்றில் லேசாக உலர்த்தினால் போதும், எலும்பாகக் காயவிட்டால் மறுபடி கரையாது. ஜெல் சாயம் கலந்ததும் நீலம் மஞ்சளானால் அமிலம் மிச்சமிருக்கிறது, கழுவல் போதவில்லை.

முதிர்ந்த மகரந்தத்தின் மேலுறை கல் போன்றது. அரைத்த பிறகு ஒரு துளியை நுண்ணோக்கியில் பாருங்கள். முழு உருண்டைகள் மிதந்தால் கண்ணாடி மணி போட்டு மறுபடி அரைக்க வேண்டும். புரதம் குறைவாகக் கிடைத்ததற்கு ஆயிரம் காரணம் யோசிப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.

புரதம் உயிரோடு வேண்டும், நொதிச் செயல்பாடு அளக்க வேண்டும் என்றால் தடுப்பான்கள் கலந்த தாங்கல் கரைசல். சோடியம் ஃபுளோரைடு 50 மில்லிமோலார், பீட்டா கிளிசரோபாஸ்பேட் 25, சோடியம் ஆர்த்தோவனடேட் 1, புரதத்தை வெட்டும் நொதிகளைத் தடுக்கும் பி.எம்.எஸ்.எஃப் 1 மில்லிமோலார். வனடேட்டை அப்படியே கரைத்தால் பயனில்லை. பி.எச் 10-ல் வைத்து நிறம் போகும்வரை காய்ச்சி, ஆறவிட்டு, பி.எச் நிலைக்கும்வரை திரும்பச் செய்ய வேண்டும். உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் ஈ.டி.டி.ஏ சேர்த்தால் வனடேட்டின் வீரியம் போய்விடும். பி.எம்.எஸ்.எஃப் தண்ணீரில் சீக்கிரம் சிதைவதால் கடைசி நிமிடத்தில் சேருங்கள். யூபிக்விடினைத் தேடுவதானால், அது கழன்றுவிடாமல் தடுக்க என்-எத்தில்மாலிமைடு 10 முதல் 20 மில்லிமோலாரும், புரோட்டியசோமை அடைக்க எம்.ஜி.132-ம் வேண்டும். அந்தக் கரைசலில் டைதயோத்ரெயிட்டாலோ (DTT) மெர்காப்டோ எத்தனாலோ இருக்கவே கூடாது, எத்தில்மாலிமைடை அவை தின்றுவிடும். ஆக, பாஸ்பேட்டுக்கு ஒரு புட்டி, யூபிக்விடினுக்கு வேறு புட்டி. இந்தப் பட்டியலில் பலது கொடிய நஞ்சு. கையுறை போடாமல், நச்சுக்காற்றை வெளியே இழுக்கும் ஆய்வகப் பெட்டி (ஃபியூம் ஹூட்) இல்லாமல் தொடாதீர்கள்.

படி 7: ஜெல்லும் அதற்கு மேலும்

ஒரு தடத்துக்கு 20 மைக்ரோகிராம் புரதம். புரத அளவை அறியும் முறைகளில் பிராட்ஃபோர்டு முறை எஸ்.டி.எஸ் என்ற சோப்புப் பொருள் இருந்தால் தவறான எண் தரும், பி.சி.ஏ முறை மெர்காப்டோ எத்தனால் இருந்தால் தவறான எண் தரும். எதில் கரைத்தீர்களோ அதற்கேற்ற முறையைத் தேர்ந்தெடுங்கள்.

பாஸ்பேட் ஆன்டிபாடி பயன்படுத்தும்போது, ஜெல்லிலிருந்து புரதத்தை மாற்றிய சவ்வின் வெற்றிடங்களைப் பால் பவுடரால் அடைக்காதீர்கள். பாலில் உள்ள கேசீனே பாஸ்பேட் ஏறிய புரதம். மாட்டு அல்புமின் போடுங்கள். ஆன்டிபாடி கிடைக்காத புரதத்துக்குப் பாஸ்-டேக் ஜெல் நல்ல வழி, பாஸ்பேட் ஏறிய வடிவம் பின்தங்கி மேலே நிற்கும். மாதிரியில் ஈ.டி.டி.ஏ இருந்தால் கோடுகள் வளைந்து நெளியும். சவ்வுக்கு மாற்றும் முன் ஜெல்லை ஈ.டி.டி.ஏ கரைசலில் ஊறவைத்து, பாஸ்-டேக் ஜெல்லில் சேர்க்கும் மாங்கனீசை அகற்றாவிட்டால் புரதம் ஜெல்லிலேயே தங்கிவிடும். யூபிக்விடின் ஆன்டிபாடியில் ஒற்றைக் கோடு தேடாதீர்கள். 100 கிலோடால்டனுக்கு மேல் புகைபோலப் படர்ந்து தெரிவதுதான் இயல்பு.

சம அளவு ஏற்றியதற்குச் சான்றாக ஆக்டினைக் காட்டுவது இங்கே நம்பத்தக்கதல்ல, மகரந்தம் முதிரும்போது ஆக்டின் வகையும் அளவும் மாறுகின்றன. பான்சோ சாயமிட்ட முழுச் சவ்வின் படமே நேர்மையான சான்று.

மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கு வெளியே அனுப்பும்போது இரண்டு எண்களை நினைவில் வையுங்கள். பாஸ்பேட் ஏறினால் 79.966 டால்டன் கூடும். டிரிப்சின் வெட்டிய பிறகு யூபிக்விடின் லைசினில் விட்டுச்செல்லும் இரட்டை கிளைசின் 114.043 டால்டன். சிஸ்டீன்களை மூடப் போடும் அயோடோ அசிட்டமைடு ஒரே லைசினில் இரண்டு முறை ஒட்டினாலும் இதே 114.04 வரும், பொய்யான யூபிக்விடின் இடங்கள் பட்டியலில் நுழைந்துவிடும். குளோரோ அசிட்டமைடு பயன்படுத்தச் சொல்லிக் கேளுங்கள்.

படி 8: காரணமா, விளைவா?

மலட்டுச் செடியில் ஒரு புரதத்தின் பாஸ்பேட் வடிவம் காணவில்லை. உடனே 'இதனால்தான் மலடு' என்று எழுதத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அந்தச் செடியில் டபீட்டமே இல்லையென்றால் டபீட்டத்தில் இருக்கும் அத்தனை புரதமும் அவற்றின் அத்தனை மாற்றங்களும் காணாமல்தான் போகும். செல் இல்லாததையும் மாற்றம் இல்லாததையும் பிரித்தறிய மூன்று கேள்வி கேளுங்கள். கண்ணுக்குத் தெரியும் கோளாறு தொடங்குவதற்கு முந்திய நிலையிலேயே வேறுபாடு இருக்கிறதா? மொத்தப் புரதத்தின் அளவு அப்படியே இருந்து மாற்றம் ஏறிய வடிவம் மட்டும் குறைந்திருக்கிறதா? லாம்டா பாஸ்படேஸ் இட்டால் அந்தக் கோடு மறைகிறதா? மறையாவிட்டால் நீங்கள் பார்த்தது பாஸ்பேட்டே அல்ல.

அதற்கும் மேலே போக மரபணு மாற்றம் வேண்டும். பாஸ்பேட் ஏறும் செரினை அலனினாக்கி மலட்டுச் செடிக்குள் திருப்பி விடுங்கள். மாற்றாத மரபணு மலட்டுத்தன்மையைத் தீர்த்து, அலனின் வடிவம் தீர்க்கவில்லையென்றால் வாதம் வலுக்கிறது. செரினை அஸ்பார்ட்டேட்டாக்கிய வடிவம் பாஸ்பேட் எப்போதும் ஏறியதுபோல் நடிக்கும் என்பார்கள், எல்லாப் புரதத்திலும் அது பலிக்காது. யூபிக்விடினுக்கு லைசினை ஆர்ஜினினாக்குவது வழக்கம். ஆனால் பக்கத்து லைசினுக்கு யூபிக்விடின் தாவிவிடும் என்பதால் ஒன்றை மட்டும் மாற்றி 'விளைவு இல்லை' என்று முடிக்க வேண்டாம்.

மரபணு மாற்ற வசதி இல்லாதவர்களுக்குக் கத்தரி மகரந்தமே போதுமான ஒரு பயிற்சி உண்டு. முளைப்பு ஊடகத்தில் எம்.ஜி.132-ஐ 5, 10, 20, 40 மைக்ரோமோலார் என்று படிப்படியாகக் கலந்து குழாய் நீளத்தை அளங்கள். புரோட்டியசோமை அடைத்தால் குழாய் தடுமாறும் என்பது கிவி மகரந்தத்தில் முன்பே காட்டப்பட்டது. எல்லாத் துளியிலும் மருந்தைக் கரைக்கும் டைமெத்தில் சல்பாக்சைடு ஒரே அளவில், 0.1 சதவீதத்தைத் தாண்டாமல் இருக்க வேண்டும், மருந்தில்லாத துளியிலும்கூட. இதே போல டியூனிகாமைசின் கலந்து சர்க்கரை ஏற்றத்தைத் தடுத்துப் பார்க்கலாம். மருந்தைக் கழுவி எடுத்துப் புது ஊடகத்துக்கு மாற்றினால் வளர்ச்சி திரும்புகிறதா என்றும் பாருங்கள். திரும்பாவிட்டால் நீங்கள் அந்த ஒரு மாற்றத்தைத் தடுக்கவில்லை, செல்லையே கொன்றிருக்கிறீர்கள். அளவைக் குறைத்து மறுபடி தொடங்குங்கள்.